சாட்சிக்கு வந்தவர்கள்

விவாகம் என்பது இரண்டு மனிதர்களுக்கோ இரண்டு குடும்பங்களுக்கோ மட்டும் உரிய அந்தரங்கமான காரியமாக இருந்திருக்குமானால், பந்தலிட்டு, மேளம் முழக்கி, ஊரைக் கூட்டி, முன்பின் அறியாதவனையும் உட்கார வைத்துச் சோறிடும் வழக்கம் உலகத்தின் இத்தனை ஜனங்களிடத்தும் வேரூன்றியிருக்க நியாயமில்லை. அக்கினியையும் அருந்ததியையும் சாட்சியாக அழைக்கிற நம்மவர்கள்கூட அவ்விரண்டோடு திருப்தியடைந்து விடுவதில்லை. அட்சதை தூவுவதற்கு மனிதக் கைகள் வேண்டுமென்று, தூரத்து ஊர்களுக்கெல்லாம் பாக்கு வெற்றிலை வைத்து ஆள் அனுப்புகிறார்கள். உறவினன் வருவது கடமை. அவன் வராவிட்டால்தான் அது செய்தி. உறவுமில்லாமல், மதமும் பாஷையும் வேறாய், அந்த வீட்டாரின் மந்திரத்தில் ஒரு சொல்லும் விளங்காமல், பஸ் ஏறிப் பெண்டு பிள்ளைகளோடு வந்து ஓரமாக அமர்ந்திருக்கிறானே ஒருவன், அவனுடைய சாட்சியத்துக்குத் தனியானதொரு கனம் உண்டென்று நான் நெடுநாளாக எண்ணி வந்திருக்கிறேன். அந்த எண்ணத்துக்கு உருவம் கிடைத்தது இலங்கையின் கரவனெல்லயில், ஒரு சிங்களக் குடும்பத்தின் கல்யாணத்தில்.

ஹட்டனிலிருந்து கொழும்புச் சாலையில் இறங்குகிறவர்கள் கினிகத்தேனக் கணவாயைக் கடந்ததும் காற்று கனப்பதை உணர்வார்கள். தேயிலை மெல்லப் பின்வாங்கி, கித்துல்கலவில் களனி கங்கை பாறைகளினிடையே இரைந்தோட, யட்டியாந்தோட்டைக்கு வருவதற்குள் சாலையின் இருமருங்கும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். அதற்கும் அப்பால், அவிசாவளை நோக்கியும் ருவன்வெல்ல நோக்கியும் வழிகள் பிரிகிற சிறு பட்டணம்தான் கரவனெல்ல. சுற்றுத் தோட்டத்துச் சனங்களுக்கு அந்தப் பெயர் முதலில் நினைவூட்டுவது அங்குள்ள ஆஸ்பத்திரியை. எனக்கோ, விடியுமுன் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போன என் தகப்பனாரின் உருவத்தை. அத்திசையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, உத்தியோகத்தின் நிமித்தம் மலைக்குமேல் போய்க் குடியேறியவன் நான். என்னோடு ஹட்டனில் ஆசிரியராயிருந்த நண்பர் கரவனெல்லயைச் சேர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத மாட்டார். தம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பத்திரிகையைத் தபாலில் போடாமல், வெற்றிலைச் சுருளோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து அழைத்தார். வெற்றிலையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்ட என் மனைவி, அதைச் சாமிப் படத்தின் முன்னே வைத்துவிட்டுத்தான் தேநீர் போட உள்ளே போனாள். வெற்றிலை வைத்து அழைத்த வீட்டுக்குப் போகாமலிருப்பது எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் ஒரே அளவு குற்றம்.

இக்காலத்தில் கல்யாணங்கள் ஹோட்டல் மண்டபங்களுக்குப் போய்விட்டன. இந்த நண்பர் வீட்டு முற்றத்திலேயே பந்தலிட்டு நடத்த வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார். அதனால் நாங்கள் ஒரு சடங்கை அதன் சொந்த மண்ணில் பார்க்கும் பாக்கியம் பெற்றோம். பந்தலின் நடுவே, மரத்தால் செய்து வெண்துணியும் தென்னம்பாளையும் கொண்டு சிங்காரித்த தாழ்வான மேடையொன்று இருந்தது. அதைத்தான் போருவ என்கிறார்கள். மூலைகளில் தென்னம்பூச் செருகிய நிறைகலசங்கள். மேடையின்மேல் பரப்பிய அரிசி. சங்கு ஊதி, கண்டிய மேளங்கள் அதிர, சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம் பிறந்த கணத்தில் மணமக்கள் வலது காலை முன்வைத்து அதன்மேல் ஏறினார்கள். மணமகன் கண்டிப் பிரதானிகளின் கோலத்தில், இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கட்டிய துணியும் நாற்கோணத் தொப்பியுமாக நின்றான். மணமகள் கண்டிய முறைச் சேலையான ஒசரி உடுத்து, மார்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதக்கச் சங்கிலிகள் தொங்க, நெற்றியில் பட்டமும், வகிட்டின் இருபுறமும் சூரியனும் சந்திரனும் அணிந்து நின்றாள். என் மனைவியின் கை தன்னையறியாமல் தன் வகிட்டைத் தொட்டதை நான் கவனித்தேன். எங்கள் கல்யாணத்தன்று அவள் தலையிலும் அவ்விரு சுடர்களும் இருந்தன, கடையில் வாடகைக்கு எடுத்த கவரிங்காக.

பெரியவர் ஒருவர் அஷ்டகம் சொன்னார். சமஸ்கிருதம். அங்கே கூடியிருந்த சிங்களவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும்? நம் கல்யாணங்களில் குருக்கள் சொல்லும் மந்திரம் நமக்கு விளங்குகிற அளவுக்குத்தான். இரு சாராருக்கும் அந்நியமான அந்தப் பாஷையின் முன்னே, அரை மணி நேரம் அந்தப் பந்தலில் அந்நியன் என்று ஒருவனும் இல்லை. பின்னர் வெள்ளுடை உடுத்த சிறுமிகள் ஜயமங்கல காதா பாடினார்கள், அது பாளி. புத்தபகவானின் வெற்றிகளைப் பாடுகிற அந்தச் சுலோகங்கள் ஒலித்தபோதிலும் அங்கே ஒரு பிக்குவும் இல்லை என்பது என் கவனத்தை ஈர்த்தது. துறவிகள் இல்லறச் சடங்கை முன்னின்று நடத்துவதில்லை; போருவச் சடங்கை நடத்துகிறவர்கள் இல்லறத்தார்களே. மணமகன் பெண்ணின் தாய்க்கு வெள்ளைத் துணியொன்றைப் பணிவோடு அளித்தான். பாலூட்டி வளர்த்ததற்கான மரியாதை அது. அதன்பின் பெண்ணின் தாய்மாமன் மேடையருகே வந்து, இருவருடைய சுண்டுவிரல்களையும் சேர்த்துப் பொன்னிற நூலால் கட்டி, கெண்டியிலிருந்து அந்த முடிச்சின்மேல் நீர் வார்த்தார். அவர்கள் மேடையிலிருந்து இறங்கும் நேரத்தில் தேங்காய் பிளக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டார்கள், பாற்சோற்றை ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள்.

தாய்மாமன் என்கிற ஸ்தானம் இவ்விரண்டு ஜனங்களுக்கும் பொதுவானது என்பதை மானிடவியலார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த நூர் யால்மனின் ஆராய்ச்சி நூல், கண்டிப் பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களின் உறவுமுறை தென்னிந்தியத் திராவிட உறவுமுறையோடு ஒரே அமைப்பையுடையது என்பதை விளக்குகிறது. மாமன் மகளும் அத்தை மகளும் மணமுறைக்கு உரியவர்கள், சித்தப்பன் மகள் தங்கை என்கிற கணக்கு இரண்டிடத்தும் ஒன்றே. பாஷையால் ஆரியக் குடும்பத்தையும் மதத்தால் மகதத்தையும் சார்ந்தவர்கள், பெண் கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் நம் கணக்கிலேயே எண்ணுகிறார்கள். இதை வியப்பென்று நான் சொல்வேனேயன்றி, யாருக்கு யார் கடன்பட்டவர்கள் என்கிற வழக்காக ஆக்க மாட்டேன்.

சடங்கு முடிந்து விருந்து தொடங்கியதும் பைலா ஆரம்பித்தது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இத்தீவின் கரையில் தங்கிவிட்ட அந்தத் தாளத்துக்கு, சற்றுமுன் பயபக்தியோடு காதா கேட்டுக்கொண்டிருந்த மாமிகள் கைதட்டினார்கள். மேசையில் கவும் என்னும் பலகாரம் இருந்தது; ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கொக்கிஸ் இருந்தது; புறப்படும்போது ஒவ்வொருவர் கையிலும் சின்னஞ்சிறு பெட்டியில் இட்டுத் தந்த கல்யாணக் கேக்கோ ஆங்கிலேயரின் எச்சம். மணமகன் தரித்திருந்த பிரதானி உடையின் சட்டையில்கூட ஐரோப்பியச் சாயல் உண்டென்று கலை வரலாறு அறிந்தவர்கள் சொல்வார்கள். பரம்பரைக் கல்யாணம் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைக்கிற அந்த முற்றத்துக்குள், வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு கப்பல்களில் வந்திறங்கியவை எத்தனை! வந்தவை எவற்றையும் அந்தச் சம்பிரதாயம் வாசலில் நிறுத்திப் பிறப்புச் சான்று கேட்டதில்லை.

இது இந்தத் தீவுக்கு மட்டும் உரிய குணமன்று. மெக்சிக்கோ தேசத்துக் கல்யாணங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். தேவாலயத்தில் மணமகன் பதின்மூன்று நாணயங்களை மணமகளின் கையில் அளிக்கிறான். ஞானப் பெற்றோராக நிற்கிற தம்பதி, ஜெபமாலை போன்ற நீண்ட கயிறொன்றை இருவர் தோள்களையும் சுற்றி எட்டு என்கிற இலக்கத்தின் வடிவில் சூட்டுகிறார்கள். மோதிரத்துக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர் என்று ஞானப் பெற்றோர் பலர் செலவைப் பங்கிட்டுக்கொள்கிற வழக்கமும் அங்கே உண்டு. நம் ஊர் மொய்க்கும் சீர்வரிசைக்கும் அது தூரத்து உறவு. அந்த நாணயங்கள் ஸ்பானியரோடு கடல் கடந்து வந்தவை. ஆனால் ஸ்பானியர் வருமுன்பே அந்நாட்டு அஸ்டெக் மக்கள் மணமகனின் மேலாடையையும் மணமகளின் ஆடையையும் முடிச்சிட்டே விவாகம் செய்வித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வரையப்பட்டு இன்று ஆக்ஸ்போர்டில் பாதுகாக்கப்படும் மெண்டோசா சுவடியில், மணப்பெண்ணைத் தீப்பந்த வெளிச்சத்தில் முதுகில் சுமந்து வருவதும், பாயில் அமர்ந்த இருவரின் ஆடைகள் முடிச்சிடப்பட்டிருப்பதும் சித்திரமாக உள்ளன. வென்றவனுடைய நாணயமும் தோற்றவனுடைய முடிச்சும் அந்தத் தேசத்தின் விவாகத்தில் அக்கம்பக்கமாக இடம்பெற்றிருக்கின்றன. யுத்தமும் அரசும் செய்யாத சமரசத்தை ஒரு கல்யாணச் சடங்கு செய்திருக்கிறது.

இலங்கையின் கதையும் ஒரு கல்யாணத்துக்கு வந்த குடும்பங்களிலிருந்துதான் தொடங்குகிறது. விஜயன் பாண்டிய ராஜகுமாரியை மணக்க விரும்பி மதுரைக்குத் தூதனுப்பினான் என்றும், அரசன் தன் புதல்வியோடு கைவினைஞர்களையும் பதினெண் வகைக் குடிகளைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களையும் அனுப்பிவைத்தான் என்றும் சொல்வது மகாவம்சமே. அது புராணமென்று தள்ளுகிறவர்கள் கண்டியின் சரித்திரத்தைத் தள்ள முடியாது. கண்டியரசர்கள் பதினேழாம் நூற்றாண்டு தொட்டு மதுரையிலிருந்து பெண் கொண்டார்கள்; நரேந்திரசிங்கன் 1739இல் பட்டத்துக்குரிய மகனின்றி மறைந்தபோது, அரசியோடு வந்து தங்கியிருந்த அவளுடைய சகோதரனே ஸ்ரீ விஜயராஜசிங்கன் என்னும் பெயரில் முடி சூடினான். பெண்ணோடு துணைக்கு வந்தவர்கள் சிங்காசனத்தில் அமர்ந்தார்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் முழுத்துறவு தீட்சை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. மதுரைச் சம்பந்தத்தில் வந்த அரசனைப் புத்த சாசனம் தன் புரவலனாக ஏற்றுக்கொண்டது.

கதவு அடைபட்டதும் ஒரு காகிதத்தின் மூலமே. 1815 மார்ச் 2ஆம் தேதியிட்டு, கண்டி ராஜ்யத்தை ஆங்கிலேயர் வசமாக்கிய கண்டி ஒப்பந்தம், பதவியிழந்த மன்னனின் உறவினர்களைப் பகைவர்களென்று சாற்றியதோடு, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசங்களுக்குத் திரும்பக் கூடாதென்றும் விதித்தது. மலபாரிகள் என்று அக்காலத்து ஆங்கிலேயர் குறித்தது தமிழர்களையே. கடைசி மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். அதற்கு முன்பே, அதே பிரதேசங்களின் மலைகளில் காப்பி நடுவதற்கென்று அதே ஆங்கிலேயர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கொணரத் தொடங்கிவிட்டனர். அரசனின் மைத்துனனுக்கு மறுத்த வழியை மண்வெட்டி தூக்கியவனுக்குத் திறந்துவிட்டார்கள். ரப்பர் காலத்தில் களனிப் பள்ளத்தாக்குக்கு என் முன்னோர் வந்து சேர்ந்ததும் அந்த வழியின் தொடர்ச்சியாகத்தான்.

எங்கள் கல்யாணங்களின் சரித்திரம் கணக்குப் புத்தகங்களில் எழுதப்பட்டது. தாலிக்கும் சீலைக்கும் அரிசிக்கும் ஆன செலவு, ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணியின் பேரேட்டில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் கடனைக் குறித்த துண்டு வேண்டும். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை, மணமக்கள் சேர்ந்து வாழ வேண்டிய இடத்தைத் தீர்மானித்ததில் சாதகப் பொருத்தத்துக்கு நிகரான பங்கு அந்தச் சிறு காகிதத்துக்கும் இருந்தது. ஆயினும் பந்தல் போட்டார்கள். லயத்து வாசலில் மூங்கில் நட்டு, தென்னோலை வேய்ந்து, இஸ்தோப்பில் அடுப்பு மூட்டி, தொங்கல் காம்பராக்காரர் முதற்கொண்டு எல்லோரும் காய் நறுக்க, தப்பு முழங்க, தோட்டத் தலைவர் முன்னிலையில் மொய் எழுதினார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள் பலாக்காயும் வாழைக்குலையும் சுமந்து வருவார்கள். அவர்களை முதற்பந்தியில் அமர்த்துவது வழக்கம். 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் இந்தக் கேகாலைச் சீமையை வாட்டியபோது, பட்டினி கிடந்தவர்களுக்குப் பருப்பு வழங்கிய டாக்டர் என். எம். பெரேராவைப் பருப்பு மாத்தயா என்றே ஜனங்கள் அழைத்தார்கள். 1936இல் ருவன்வெல்ல அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. கரவனெல்லப் பந்தியில் பருப்புக் கறி பரிமாறப்பட்டபோது அதைச் சொல்லி எனக்கு நினைவூட்டியவர் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு முதியவர்.

அதே ருவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில்தான் கோடக்கன்பிள்ளை என்பவர் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார். எங்கள் சனங்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளல்லாதவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லாதென்ற அவருடைய வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1953இல் அவருக்குப் பாதகமாக முடிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் விவாகத்தையே ஓர் அளவுகோலாக்கியது: மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்து வாசலில் தப்பு முழங்க நடந்த கல்யாணத்துக்குப் பதிவுத்துண்டு எங்கே இருக்கும்? வழமைப்படி தாலி கட்டி, ஊரறியச் சோறிட்டு, பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள், தாங்கள் தம்பதிகளென்பதைக் கந்தோரில் நின்று மெய்ப்பிக்க வேண்டியவர்களானார்கள். பந்தலில் அமர்ந்திருந்த ஊர் முழுவதும் சாட்சி. அந்தச் சாட்சியைச் சட்டம் கேட்கவில்லை. 1964 அக்டோபரில் இரண்டு பிரதம மந்திரிகள் ஒப்பமிட்ட ஒப்பந்தம் எங்கள் சனங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு 1974இல் தீர்க்கப்பட்டது. எண்கள் இலட்சக்கணக்காக இருந்தமையால் வசதியாக இருந்தன. உடைந்தவை குடும்பங்கள்.

விருந்துக்குப் போய்வருவதால் மட்டும் பகை அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1977லும் 1981லும் 1983லும் நடந்த இனக்கலவரங்களில் சப்பிரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. ஒரே பந்தியில் உண்ட கை கல்லெடுக்காது என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த இரவுகளில் ரப்பர் காட்டைத் தாண்டி ஓடிய எங்கள் சனங்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்குச் சீலை கொடுத்த வீடு, பையன் கல்யாணத்துக்கு வாழைக்குலை கொண்டுவந்த வீடு என்றுதான் முதியவர்கள் அடையாளம் சொல்வார்கள். எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை; திறந்தவற்றுக்குக் கல்யாணத்தில் பிறந்த வழக்கமொன்று பின்னால் இருந்தது. அதை நான் அற்பமாக எண்ண மறுக்கிறேன்.

கரவனெல்லயில் அந்தத் தாய்மாமன் சுண்டுவிரல்களைக் கட்டி நீர் வார்த்தபோது என் மனைவி அழுதாள். அவளுக்கு ஒரே அண்ணன். ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு எழுதப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அமைத்த அரசாங்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்து, கூடலூரிலேயே கண் மூடினார். கரவனெல்லக்கு நாங்கள் போனதோ எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த காலம். விருந்து முடிந்து நாங்கள் விடைபெறப் போனபோது, நண்பரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்டாள்.

"எங்க புள்ளைக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர ஆளில்லைங்க அக்கா. அதத்தான் நெனச்சேன்."

நண்பர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து எங்கள் அருகே போட்டார்.

"நங்கி, அந்த வேலைய நான் செய்யிறேன். என்னென்ன கொண்டு வரணும், எங்க நிக்கணும், எல்லாம் சொல்லுங்க. பிழையா செஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிப்பாங்கதானே?"

"கோவிக்க மாட்டாங்கண்ணே. நீங்க வந்து நின்னா போதும்."

"நின்னா போதாது. எழுதித் தாங்க."

நான் சட்டைப்பையிலிருந்த காகிதத்தில், அவர் வாசிக்கும்படி சிங்கள எழுத்தில், என் மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன்: பட்டுச் சீலை, மாலை, தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம், தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நண்பரின் மனைவி சீலையின் நிறத்தைக் கேட்டாள். கறுப்புக் கரை கூடாதென்று இவள் சொன்னாள். மகளைப் பணமாலைக்கு முன்னா பின்னா மேடைக்கு அழைத்துவர வேண்டும் என்று நண்பர் கேட்டார். எங்கள் பக்கத்தில் பணமாலை இல்லையென்றும், மாமன் மாலை போட்ட பிறகே பெண் பந்தலுக்கு வருவாளென்றும் விளக்கினோம். நாள் மட்டும் இன்னும் குறிக்கப்படவில்லை. போயா தினமாக இருந்தால் சில் எடுக்க விகாரைக்குப் போக வேண்டியிருக்குமென்று அவர் தயங்கவே, எங்கள் பஞ்சாங்கத்தோடு அவர்களுடைய லித்தவையும் வைத்துப் பார்த்து, ஆவணியில் பௌர்ணமியைத் தவிர்த்து மூன்று முகூர்த்தங்களைக் குறித்துக்கொண்டு, கடைசி ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பிள்ளைகள் கூப்பிடவே எழுந்தோம்.